தலையைப் பார்க்காமல் மாத்திரை எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செக்கானூரணியில் இருபத்தாறு வருஷமாகச் சலூன் கடை வைத்திருக்கிறேன். எனக்கு முன்னால் என் அப்பா இதே ஊரில் இதே தொழில் செய்தார். கருமாத்தூர் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள், மதுரைக்கு வேலைக்குப் போய்வருகிறவர்கள், தேனி ரோட்டில் லாரி ஓட்டுகிறவர்கள் என்று ஒரு நாளைக்கு இருபது தலையாவது என் கைக்கு வரும். இரண்டு மூன்று வருஷமாக முடி வெட்டுவதோடு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. முடி கொட்டுகிறது என்று போனிலேயே மருந்து கேட்கிற வாலிபப் பிள்ளைகளுக்குத் தலையைப் போட்டோ எடுத்துக் கொடுக்கிறேன்.

"அண்ணே, உச்சியை மட்டும் ஒரு போட்டோ எடுங்க" என்று போனை நீட்டுவார்கள். உச்சந்தலையை அவரவரே எடுத்துக்கொள்ள முடியாது. வீட்டில் கேட்கக் கூச்சம். முன்நெற்றிக்கு ஒன்று, இரண்டு பக்கப் பொட்டுக்கும் ஒவ்வொன்று, பின்சுழிக்கு ஒன்று, நடுவகிடு எடுத்து ஒன்று, மொத்தம் ஐந்து. அதை ஒரு ஆப்பில் ஏற்றி, அது கேட்கிற பத்துப் பன்னிரண்டு கேள்விக்கு விரலால் தட்டிப் பதில் சொன்னால் கொஞ்ச நேரத்தில் டாக்டர் பெயர் போட்ட மருந்துச் சீட்டு போனுக்கே வந்துவிடுகிறது. நாலைந்து நாளில் மருந்துப் பெட்டி வீடு தேடி வருகிறது.

போனில் டாக்டரைப் பார்ப்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதனால் நல்லபடியாக ஆன ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும்.

அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பத்தொன்பதிலேயே நெற்றி ஏறத் தொடங்கிவிட்டது. எப்போதும் தொப்பியோடுதான் வருவான். கடையில் ஆள் இருந்தால் வெளியே டீக்கடையில் நின்றுவிட்டு, ராத்திரி ஒன்பது மணிக்கு நான் கடையைச் சாத்துகிற நேரமாகப் பார்த்து உள்ளே வருவான். "அண்ணே, ஷட்டரைப் பாதி இறக்கிருங்க" என்பான். இறக்கிய பிறகுதான் தொப்பியைக் கழற்றுவான். கண்ணாடியைப் பார்க்க மாட்டான், குனிந்தே இருப்பான். ஒரு தடவை மனதைத் திடப்படுத்திக்கொண்டு மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான். இங்கிருந்து ஆரப்பாளையம், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துக் கோரிப்பாளையம், சீட்டு வாங்கித் தோல் பிரிவு வரிசையில் நின்றால், முன்னால் நிற்கிறவர் சொந்த ஊர்ப் பெரியப்பா. "உனக்கென்னடா?" என்று அவர் கேட்டதும், பக்கத்து வார்டில் ஆளைப் பார்க்க வந்தேன் என்று சொல்லித் திரும்பி வந்துவிட்டான். பாதி நாள் சம்பளமும் போச்சு. முடி கொட்டுவதற்கெல்லாமா ஆஸ்பத்திரி என்று கேட்கிற ஊர் இது. பெண் பார்க்கப் போகிற இடத்தில் முதலில் பார்ப்பதும் அந்தத் தலையைத்தான்.

அந்தப் பிள்ளைக்குப் போனில் ஒரு டாக்டர் அம்மா கிடைத்தார். வீடியோவில், தமிழில் பேசினார். என் கடையில் உட்கார்ந்துதான் பேசினான், நான் பக்கத்தில் நின்றேன். ஜன்னல் வெளிச்சத்துக்குத் தலையைத் திருப்பச் சொன்னார். வகிடு எடுத்துக் காட்டச் சொன்னார். நான்தான் சீப்பால் எடுத்துக் காட்டினேன். அப்பாவுக்கு எப்படி, தாய்மாமனுக்கு எப்படி, சமீபத்தில் பெரிய காய்ச்சல் வந்ததா, வேறு மாத்திரை எதுவும் சாப்பிடுகிறாயா, தூக்கம் எப்படி, மனது எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மருந்து போட ஆரம்பித்த முதல் ஒன்றிரண்டு மாதம் முடி இன்னும் அதிகமாகக் கொட்டலாம், பயந்து நிறுத்திவிடாதே, ஆறு மாதமாவது பொறுத்திரு என்றார். நிறுத்தினால் வளர்ந்தது திரும்பவும் கொட்டிவிடும் என்பதையும் அப்போதே சொன்னார். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நெற்றி ஏறியது ஏறியதுதான், ஆனால் உச்சி கொஞ்சம் அடர்ந்திருக்கிறது, அதற்கு மேல் போகவில்லை. இப்போது பகலிலேயே வருகிறான். தொப்பி இல்லை.

இது ஒரு பிள்ளையின் கதை. மற்றவர்களுக்கு நடப்பதுதான் என் மனதை உறுத்துகிறது.

போட்டோவைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே தலையை ஈரத்தோடு டியூப்லைட்டுக்கு நேர் கீழே வைத்து எடுத்தால் மண்டைத்தோல் பளிச்சென்று தெரியும். அதையே காயவிட்டு, வாசல் வெளிச்சத்தில், முடியைப் பின்னால் தள்ளி எடுத்தால் நல்ல அடர்த்தியான தலை. எண்ணெய் வைத்திருந்தால் வேறு மாதிரி. முடி மெலிந்துகொண்டே போகிறதா, வேரோடு கழன்று வருகிறதா, நடுவில் ஒடிகிறதா என்பது விரலால் வருடிப் பார்த்தால் தெரியும், ஐந்து போட்டோவில் தெரியாது. நானே எடுத்த போட்டோக்களை வைத்துச் சொல்கிறேன்.

போன வருஷம் மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு கல்லூரிப் பிள்ளை வந்தான். சீப்பை வைத்தால் கொத்தாக வருகிறது. தலை முழுக்க ஒரே சீராகக் கொட்டுகிறது. நெற்றி ஏறவில்லை, சுழியில் சொட்டை இல்லை. ஆப்பில் கேட்டுத் தினம் ஒரு மாத்திரை, தலைக்குத் தடவ ஒரு மருந்து, இரண்டும் வாங்கிவிட்டான். வருஷக்கணக்கில் எடுக்க வேண்டும் என்று போட்டிருக்கிறதாம். நான் ஒரு கேள்விதான் கேட்டேன். "தம்பி, மூணு மாசத்துக்கு முன்னாடி காய்ச்சல் வந்துச்சா?" டெங்குவில் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான். என் அப்பா படிக்காதவர். "விஷக்காய்ச்சல் வந்துபோனா மூணாம் மாசம் தலை கொட்டும், தன்னால வந்துரும், எண்ணெய்க்குக் காசைக் கொட்டாதே" என்று வருகிறவர்களிடம் சொல்வார். டைபாய்டு, டெங்கு, பிரசவம், பெரிய ஆபரேஷன், பட்டினி கிடந்து உடம்பைக் குறைப்பது, இதெல்லாம் நடந்தால் ஒரே சமயத்தில் நிறைய முடி ஓய்வுக்குப் போய்விடும், இரண்டு மூன்று மாதம் கழித்து அவ்வளவும் சேர்ந்து உதிரும், பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் கொட்டுவது நின்று முளைக்க ஆரம்பித்துவிடும் என்று பிறகு ஒரு தோல் டாக்டரும் எனக்கு விளக்கினார். அந்த ஆப்பின் கேள்விகளில் காய்ச்சல் பற்றி ஒன்றுகூட இல்லை. இருபது வயதுப் பிள்ளை, தேவையே இல்லாத ஒரு மாத்திரையைத் தினமும் விழுங்கிக்கொண்டிருந்தான்.

இன்னொருவனுக்குக் காதுக்குப் பின்னால் ஒரு ரூபாய் வட்டத்துக்குப் புழுவெட்டு. ஆப் கேட்ட ஐந்து போட்டோவில் அந்த இடமே வராது. புழுவெட்டுக்குப் புழு காரணமில்லை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடி வேரைத் தாக்குவதால் வருவது, அதற்கு வைத்தியமே வேறு. அவனுக்கும் வந்தது எல்லோருக்கும் வருகிற அதே பெட்டிதான்.

என் மகள் பி.பார்ம் முடித்துவிட்டு மதுரையில் ஒரு மெடிக்கலில் வேலை பார்க்கிறாள். இந்தப் பெட்டிகளில் வருகிற மாத்திரையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் சொல்லித்தான். ஃபினாஸ்டிரைடு என்று பெயர். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. முதலில் 1992-ல் அமெரிக்காவில் வயதான ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கிற புராஸ்டேட் சுரப்பியின் வீக்கத்துக்கு 5 மில்லிகிராமாக அனுமதித்தார்கள். ஆண்களின் வழுக்கைக்கு 1 மில்லிகிராம் அனுமதி வந்தது 1997 கடைசியில். ஆண்களின் ஹார்மோன் உடம்பில் டி.எச்.டி. என்ற இன்னொன்றாக மாறித்தான் சில பேருக்கு முடி வேரைச் சூம்ப வைக்கிறது. அந்த மாற்றத்தை இந்த மாத்திரை தடுக்கிறது. பரம்பரை வழுக்கை உள்ள ஆண்களில் நிறைய பேருக்குக் கேட்கிறது. காய்ச்சலால் கொட்டுகிற முடிக்கும் புழுவெட்டுக்கும் இதில் வேலையே இல்லை. சிலருக்குத் தாம்பத்திய ஆசை குறையும், சிலருக்கு மனச்சோர்வு வரும். தற்கொலை எண்ணம் வரலாம் என்பதை இதன் பக்கவிளைவாக 2025-ல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே உறுதிசெய்திருக்கிறது. எல்லோருக்கும் வருவதில்லை. ஆனால் வரக்கூடும் என்று வாய் திறந்து ஒருவர் சொல்ல வேண்டாமா?

இனி நான் சொல்லப்போவதுதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

நாலு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டமான நேரம். எனக்குத் தெரிந்த பிள்ளை, கல்யாணமாகி ஒரு வருஷம் இருக்கும். "அண்ணே, பாதி பிளேடு ஒண்ணு குடுங்க" என்றான். ஷேவிங் கத்திக்கு நாங்கள் பிளேடை இரண்டாக உடைத்துப் போடுவோம். அந்தப் பாதியைக் கேட்கிறான். எதற்கு என்று கேட்கவில்லை, கொடுத்தேன். சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து, கண்ணாடிக்குக் கீழே இருக்கிற பலகையில் வைத்து ஒரு மாத்திரையை நாலாக வெட்ட ஆரம்பித்தான். ஆப்பில் எழுதிக் கொடுத்தது 1 மில்லிகிராம். 5 மில்லிகிராம் மாத்திரையை வாங்கி நாலாக வெட்டிக்கொண்டால் காசு மிச்சம் என்று சேக்காளி ஒருவன் சொல்லியிருக்கிறான். நாலு துண்டும் ஒரே அளவாக வரவில்லை, ஒன்று நொறுங்கிப் பொடியாகிவிட்டது. அந்தப் பொடியை உள்ளங்கையால் தட்டிவிட்டான். மீதியைக் காகிதத்தில் மடித்தான். வீட்டில் எங்கே வைப்பாய் என்று கேட்டேன். "அடுப்படி அலமாரியிலதான்ணே, அவதான் தினமும் காலையில எடுத்துத் தருவா" என்றான். அவன் மனைவிக்கு அப்போது மூன்றாவது மாதம்.

அன்று ராத்திரி மகளிடம் இதைச் சொன்னேன். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்திவிட்டாள். உடைந்த, பொடியான ஃபினாஸ்டிரைடு மாத்திரையைக் கர்ப்பிணிப் பெண்கள் தொடவே கூடாதாம். வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் அதன் பிறப்புறுப்பு சரியாக வளராமல் போகக்கூடும். முழு மாத்திரைக்கு மேல்பூச்சு இருப்பதால் அதைத் தொட்டால் பரவாயில்லை, வெட்டினால்தான் ஆபத்து. மறுநாள் காலை ஆறு மணிக்கு அவன் வீட்டுக்கு நானே போனேன். அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். அவன் முகம் வெளுத்துப்போய்விட்டது. "யாருமே சொல்லலையேண்ணே" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். ஆண்டவன் புண்ணியத்தில் தாய்க்கும் பிள்ளைக்கும் ஸ்கேனில் ஒரு குறையும் இல்லை.

கல்யாணமாகிவிட்டதா, மனைவி கர்ப்பமா என்று ஒரு வரி கேட்டிருந்தால் போதும். மாத்திரையை வெட்டாதே என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். பெட்டிக்குள் ஒரு தாள் இருந்ததாம், பொடி எழுத்தில், முழுக்க இங்கிலீஷில்.

ரத்ததானம் செய்கிற பிள்ளைகள் எங்கள் பக்கம் நிறைய. பெரியாஸ்பத்திரியிலிருந்து ரத்தம் வேண்டும் என்று செய்தி வந்தால் பைக்கில் பறப்பார்கள். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கடைசி மாத்திரைக்குப் பிறகு ஒரு மாதம் கழித்துத்தான் ரத்தம் கொடுக்க வேண்டும், அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போய்ச் சேரலாம் என்பதால். நான் கேட்டவரையில் ஒரு பிள்ளைக்கும் இது தெரிந்திருக்கவில்லை. வயதானவர்கள் சாப்பிட்டால் புராஸ்டேட் புற்றுநோய்க்குப் பார்க்கிற பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையின் அளவு பாதியாகக் குறைத்துக் காட்டும், டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்பதும் மகள் சொன்னதுதான்.

இன்னொரு பிள்ளை, இருபத்தேழு வயது, கப்பலூர்ப் பக்கம் கம்பெனியில் வேலை. கலகலவென்று பேசுகிறவன். மாத்திரை தொடங்கி மூன்றாவது மாதம் வந்தபோது நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டதற்கு, "என்னமோ மாதிரி இருக்குண்ணே, எதுலயும் மனசு ஒட்டல" என்றான். அது மாத்திரையால்தானா என்று நான் சொல்ல முடியாது, அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவனும் அதைத்தான் கேட்க நினைத்து ஆப்பில் எழுதியிருக்கிறான். சேவை எப்படி இருந்தது, எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று பதில் வந்திருக்கிறது. சீட்டில் இருந்த டாக்டரோடு பேச வழியில்லை. மறு மாதப் பெட்டி மட்டும் தேதி தவறாமல் வந்தது, பணமும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போனது. கடைசியில் நானே அவனைத் திருமங்கலத்தில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் மாத்திரையை நிறுத்தச் சொல்லி, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். இப்போது பரவாயில்லை.

நான் சட்டம் படித்தவன் இல்லை. ஆனால் இதற்கு விதி இருக்கிறது. 2020 மார்ச் 25-ம் தேதி மத்திய அரசு தொலைமருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிட்டது. மகள் அதை எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாள். முதல்முறை பார்க்கிற நோயாளிக்கு, சீட்டில்லாமல் வாங்கக்கூடிய மருந்தைத் தவிர வேறு எதையும் எழுத வேண்டுமானால் வீடியோவில் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்று அதில் இருக்கிறது. அப்போதும் எந்தெந்த மருந்து என்று வரம்பு உண்டு. என்ன நோய் என்று முடிவுக்கு வராமல் மருந்து எழுதுவது தொழில் ஒழுக்கக் கேடு. மருந்துச் சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் தானாக மருந்து எழுதக் கூடாது. வயதைக் கேட்க வேண்டும், சிறுவர்களாக இருந்தால் பெரியவர் கூட இருக்க வேண்டும். பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகள்கூட வயதைக் கூட்டிப்போட்டு வாங்குகிறார்கள் என்பதை நான் கடையில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

விளம்பரத்துக்கும் விதி உண்டு. 1945-ம் வருஷத்து மருந்து விதிகளில், இன்னின்ன நோயைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் வழுக்கையும் உண்டு, புதுமுடி வளரவைப்பதும் உண்டு. பிள்ளைகளின் போனைத் திறந்தால் நாள் முழுக்க வருவது அந்த விளம்பரம்தான்.

சம்பந்தப்பட்டவர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான். முடி உதிர்வுக்கு மாத்திரை எழுதுகிற டாக்டர், முதல் தடவையாவது அந்தத் தலையை வீடியோவில் நேருக்கு நேர் பார்க்கட்டும். படிவத்தில் தட்டியதை மட்டும் நம்பி எழுத வேண்டாம். பெட்டிக்குள் கொட்டை எழுத்தில் தமிழில் ஒரு தாள் வைக்கட்டும்: இது என்ன மாத்திரை, யார் தொடக் கூடாது, என்ன தொந்தரவு வந்தால் நிறுத்திவிட்டு யாரைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் எடுக்கிற ஒரு ஆள் இருக்கட்டும். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் மெடிக்கல்களுக்கு வந்து சீட்டைச் சரிபார்க்கிற மாதிரி இந்தப் பெட்டிகளையும் பார்க்க வேண்டும்.

அரசுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இ-சஞ்சீவனி என்று காசில்லாமல் போனில் டாக்டரைப் பார்க்கிற வசதியை 2020 ஏப்ரலிலேயே தொடங்கினார்கள். என் கடைக்கு வருகிற பிள்ளைகளில் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் இரண்டு மூன்று பேர்தான். வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம், வேலை விட்டு வருகிற நேரத்தில், பெரியாஸ்பத்திரித் தோல் டாக்டர் ஒருவர் அதில் உட்கார்ந்தால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஊர்க்காரர் கண்ணில் படாமல் ஒரு நல்ல டாக்டரைப் பார்த்துவிடுவார்கள். ரத்தசோகையா, தைராய்டா என்று பரிசோதிக்கச் சொன்னால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் கொடுத்துவிட்டு வருவார்கள்.

நான் இப்போதும் போட்டோ எடுத்துக் கொடுக்கிறேன். மறுத்தால் வேறு யாரிடமாவது போவார்கள். ஆனால் முடியைக் காயவைத்து, வாசல் வெளிச்சத்தில், காதுக்குப் பின்னாலும் சேர்த்து ஏழு போட்டோவாக எடுக்கிறேன். எடுப்பதற்கு முன் காய்ச்சல், வீட்டில் யாருக்கு வழுக்கை, கல்யாணம், சாப்பிடுகிற மற்ற மாத்திரைகள், மனது, இந்த ஐந்தையும் கேட்டு ஒரு சீட்டில் எழுதி அவர்கள் கையில் கொடுக்கிறேன். டாக்டர் கேட்காவிட்டாலும் நீயாகப் படித்துக் காட்டு என்று சொல்லி அனுப்புகிறேன். மாத்திரை வெட்ட மட்டும் பிளேடு தருவதில்லை.

என் பெயரையும் கடையின் பெயரையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். போட்டால் நான் சொன்ன பிள்ளைகள் யார் யார் என்று ஊர் கண்டுபிடித்துவிடும். என்னை நம்பித் தொப்பியைக் கழற்றியவர்கள் அவர்கள்.

இப்படிக்கு,
சலூன் கடைக்காரர்,
செக்கானூரணி,
மதுரை மாவட்டம்.